தி ஹேக் நீதிமன்றத்தில் சில மாத வேலை: களப்பயணத் திட்டமிடல் என்றால் என்ன?

‘வருகைதரு வல்லுநர், களப்பயணத் திட்டமிடல், அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றம், தி ஹேக்.’ இப்படி ஓர் அறிவிப்பு கண்ணில் பட்டால், சிங்கப்பூரில் நம்மில் பெரும்பாலானவர்கள் இது வழக்கறிஞர்களுக்கு உரியது என்று நினைத்துக் கடந்துபோவோம். வழக்கறிஞர்களோ ‘திட்டமிடல்’ என்ற சொல்லைப் பார்த்ததும், யாருக்கோ விமான டிக்கெட் போடும் வேலை என்று கடந்துபோவார்கள். இரண்டு கணிப்பும் தப்பு. அந்த நீதிமன்றத்தின் முன் ஒரு சாட்சி பயமில்லாமல் வாய் திறப்பதும், பேசி முடித்த பிறகு தன் ஊரில் நிம்மதியாக வாழ்வதும் பெருமளவு இந்தத் திட்டமிடுபவர்கள் கையில்தான் இருக்கிறது. ஆகவே இந்த வேலையை முதலிலிருந்து விளக்கலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் எந்த நீதிமன்றம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். நெதர்லாந்தில் உள்ள தி ஹேக் என்றதும் சிங்கப்பூரர்களுக்கு நினைவுக்கு வருவது பெட்ரா பிராங்கா. அந்தச் சிறு தீவு யாருக்குச் சொந்தம் என்று சிங்கப்பூரும் மலேசியாவும் வழக்காடி, 2008 மே 23ஆம் தேதி தீர்ப்பு சிங்கப்பூருக்குச் சாதகமாக வந்தது. அப்போது துணைப் பிரதமராக இருந்த பேராசிரியர் எஸ். ஜெயகுமாரும் நம் தரப்பில் நின்று வாதாடியவர்களில் ஒருவர். அந்த வழக்கை விசாரித்தது அனைத்துலக நீதிமன்றம். ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் ஓர் அங்கம் அது. நாடுகளுக்கு இடையிலான வழக்குகளைத்தான் எடுத்துக்கொள்ளும்.

நாம் இங்கே பேசப்போவது அதே நகரில் இருக்கும் இன்னொரு நீதிமன்றம். அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றம் தனி மனிதர்களை விசாரிக்கிறது. இனப்படுகொலை, மனித குலத்துக்கு எதிரான குற்றங்கள், போர்க்குற்றங்கள், ஆக்கிரமிப்புக் குற்றம் ஆகிய நான்கும்தான் அதன் எல்லை. 1998ஆம் ஆண்டு ரோம் நகரில் உருவான உடன்படிக்கை அதன் அடிப்படை. 2002 ஜூலை முதல் தேதி அது நடப்புக்கு வந்தது. 120க்கும் மேற்பட்ட நாடுகள் உறுப்பினர்கள். சிங்கப்பூர் அதில் இல்லை. இந்தியாவும் இலங்கையும் இல்லை. மலேசியா 2019இல் சேர்வதாக அறிவித்து, சில வாரங்களிலேயே பின்வாங்கியது. தென்கிழக்காசியாவில் கம்போடியாவும் திமோர் லெஸ்தேயும் உறுப்பு நாடுகள். 2011இல் சேர்ந்த பிலிப்பீன்ஸ் 2019 மார்ச்சில் வெளியேறியது. ஆனாலும் உறுப்பு நாடாக இருந்த காலத்தில் நடந்தவற்றுக்காக அந்நாட்டின் முன்னாள் அதிபர் டுட்டர்டே 2025 மார்ச்சில் மணிலாவில் கைது செய்யப்பட்டு தி ஹேக் கொண்டுசெல்லப்பட்டார். மணிலா நமக்கு நாலு மணி நேர விமானப் பயணம்கூட இல்லை. எங்கோ ஐரோப்பாவில் நடக்கும் விவகாரம் என்று நாம் இதை ஒதுக்கிவிட முடியாது.

சரி, ஒரு நீதிமன்றத்துக்கு எதற்குக் களப்பயணம்?

சிங்கப்பூரில் ஒரு குற்றம் நடந்தால் போலிஸ் சில நிமிடங்களில் அங்கே இருக்கும். சாட்சிகள் பக்கத்துப் புளோக்கில் இருப்பார்கள். தடயவியல் ஆய்வகம் இதே தீவில் இருக்கிறது. தி ஹேக் நீதிமன்றத்துக்கு இந்த வசதி எதுவும் கிடையாது. அதற்குச் சொந்தமாகப் போலிஸ் இல்லை. அது விசாரிக்கும் குற்றங்கள் காங்கோவிலோ உகாண்டாவிலோ உக்ரேனிலோ நடந்தவை. பல நேரங்களில் நடந்து ஆண்டுகள் ஓடிவிட்டவை. சில இடங்களில் சண்டை இன்னும் ஓயவில்லை. ஆகவே நீதிமன்றத்து ஆட்கள்தான் கிளம்பிப் போக வேண்டும். புலனாய்வாளர்கள் சாட்சிகளைப் பார்க்கப் போவார்கள். தடயவியல் வல்லுநர்கள் புதைகுழிகளை ஆராயப் போவார்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர்களுக்கும் தங்கள் சாட்சிகளைத் தேடிப் போக வேண்டிய தேவை உண்டு. அபூர்வமாக நீதிபதிகளே போவதும் உண்டு: 2012 ஜனவரியில் ஒரு வழக்கின் நீதிபதிகள் காங்கோவின் கிழக்குப் பகுதியில் உள்ள போகோரோ என்ற ஊருக்கு நேரில் சென்று, சாட்சிகள் சொன்ன இடங்களைப் பார்த்தார்கள்.

இப்படிப் போய்வரும் ஒவ்வொரு பயணமும் ஒரு களப்பயணம். அது எப்போது, எங்கே, யாரோடு, எந்த வழியில், எவ்வளவு செலவில், என்ன ஆபத்தோடு நடக்கும் என்பதை முன்கூட்டியே யோசித்து எழுதி, ஒப்புதல் வாங்கி, பயணம் முடியும்வரை கண்காணிப்பதுதான் களப்பயணத் திட்டமிடல்.

ஓர் எடுத்துக்காட்டை நெருங்கிப் பார்த்தால் இதன் ஆழம் புரியும். இது நானே கற்பனை செய்த சூழல். போர் ஓய்ந்து சில ஆண்டுகளே ஆன ஒரு நாடு. தலைநகரிலிருந்து எட்டு மணி நேரம் காரில் போனால் ஒரு சின்ன ஊர். அங்கே தையல் கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணி, தன் தெருவில் நடந்த கொலைகளைக் கண்ணால் பார்த்தவர். நீதிமன்றத்திடம் பேசச் சம்மதம் என்று தகவல் அனுப்பியிருக்கிறார். இரண்டு புலனாய்வாளர்களும் ஒரு மொழிபெயர்ப்பாளரும் போய் அவருடைய வாக்குமூலத்தைப் பதிவு செய்ய வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது.

அவரை எங்கே சந்திப்பது? வீட்டில் முடியாது. வெளியூர் முகங்கள் வந்து இறங்கினால் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். கடையிலும் அதே கதை. அந்த ஊர் ஓட்டலில் அறை எடுக்கலாமா என்றால், ஓட்டல்காரர் யாருக்குச் சொந்தக்காரர் என்று யாருக்குத் தெரியும்? அப்புறம்தான் ஒரு வழி தெரிகிறது. அந்தப் பெண்மணி துணி வாங்க மாதம் ஒரு முறை பக்கத்துப் பெரிய ஊருக்குப் போவது வழக்கம். அந்த நாளையே பயணத் தேதியாக வைத்தால், அவர் வீட்டில் எந்தப் பொய்யும் சொல்ல வேண்டியதில்லை. திட்டமிடுபவர் தேதியைத் தேர்ந்தெடுப்பது விமானக் கட்டணத்தை வைத்து மட்டும் இல்லை என்பதற்கு இதைவிட வேறென்ன சொல்ல?

ஒரே நாளில் வேலை முடியுமா? பெரும்பாலும் முடியாது. அவர் சொல்வதை எழுதி, அவருக்குப் புரியும் மொழியில் திரும்பப் படித்துக் காட்டி, திருத்தங்களைச் சேர்த்துக் கையெழுத்து வாங்க நாள்கள் ஆகும். அப்படியானால் இரவு அவர் எங்கே தங்குவார்? சின்னப் பிள்ளை இருந்தால் யார் பார்த்துக்கொள்வார்கள்? கடை மூடிக் கிடக்கும் நாள்களின் வருமானத்தை யார் ஈடுகட்டுவது?

இந்தக் கடைசிக் கேள்வியில் ஒரு பெரிய கண்ணி இருக்கிறது. சாட்சிக்குச் சாப்பாட்டுச் செலவும் பஸ் கட்டணமும் இழந்த கூலியும் கொடுப்பது நியாயம். ஆனால் அதில் கொஞ்சம் கூடிப்போனாலும், பல ஆண்டுகள் கழித்து விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து, “பணம் வாங்கிக்கொண்டுதானே பேசினீர்கள்?” என்று கேட்பார். ஒரு சின்ன ரசீது அன்று பெரிய ஆவணமாகிவிடும். அதனால் எவ்வளவு கொடுக்கப்பட்டது, எதற்காக, யார் கையெழுத்திட்டார்கள் என்ற கணக்கு ஒழுங்காக இருக்க வேண்டும். கணக்குப் பிள்ளை வேலை என்று நாம் லேசாக நினைப்பது, இங்கே வழக்கையே தாங்கி நிற்கிறது.

மொழிபெயர்ப்பாளர் விஷயமும் அப்படித்தான். அந்த வட்டாரப் பேச்சு நன்றாகத் தெரிந்தவராக இருக்க வேண்டும். ஆனால் சாட்சியை முன்பே அறிந்தவராகவோ, மோதலில் எதிரணியைச் சேர்ந்தவர் என்று சாட்சி அஞ்சக்கூடியவராகவோ இருக்கக் கூடாது. பாலியல் வன்முறையைப் பற்றிப் பேசவேண்டி வந்தால் பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சாட்சி கேட்கலாம். இப்படிப்பட்டவர் உலகத்திலேயே மிகச் சிலர்தான் இருப்பார்கள், அவர்களை இன்னொரு குழுவும் அதே வாரம் கேட்டுக்கொண்டிருக்கும். யாருக்கு முதலில் என்பதும் திட்டமிடலில் அடங்கும்.

குழந்தைகளையோ பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களையோ விசாரிப்பதற்கு முன், அந்த விசாரணையைத் தாங்கும் மனநிலையில் அவர்கள் இருக்கிறார்களா என்று உளவியல் சார்ந்த மதிப்பீடு செய்ய வேண்டும் என்பது, புலனாய்வு செய்து குற்றம் சாட்டும் தரப்பான தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தின் விதிகளிலேயே இருக்கிறது. அந்த மதிப்பீட்டைச் செய்பவரும் பயணக் குழுவில் ஓர் ஆளாகச் சேர வேண்டியிருக்கலாம். ரோம் உடன்படிக்கையின் 68ஆவது பிரிவு சாட்சிகளின் பாதுகாப்பையும் மன நலத்தையும் கண்ணியத்தையும் காப்பது நீதிமன்றத்தின் கடமை என்கிறது. அந்த ஒரு வரிச் சட்டத்தை, எந்த அறை, எந்த வாசல், எத்தனை மணி என்று மாற்றி எழுதுகிறவர்தான் திட்டமிடுபவர். இந்த வேலையின் மீது எனக்கு இருக்கும் மரியாதைக்கு முக்கியக் காரணம் இதுதான்.

பாதுகாப்பு மதிப்பீடு தனிக் கதை. சாலையில் யாருடைய சோதனைச் சாவடிகள் இருக்கின்றன, இருட்டுவதற்குள் எந்த ஊரைத் தாண்டியாக வேண்டும், குழு எத்தனை மணிக்கு ஒரு முறை தலைமையகத்தைத் தொடர்புகொள்ள வேண்டும், அழைப்பு வராவிட்டால் என்ன செய்வது, அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனை எவ்வளவு தூரம், அங்கிருந்து நோயாளியை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக விமானம் கிடைக்குமா என்று பட்டியல் நீளும். பயணத்தை ரத்து செய்யும் அதிகாரம் யாருக்கு என்பதையும் முன்பே எழுதிவைப்பது நல்லது. களத்தில் நிற்பவர்களுக்கு, இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்ற எண்ணம் கண்ணை மறைத்துவிடும்.

அப்புறம் அரசாங்கங்கள். பொதுவாக, போகும் நாட்டின் ஒத்துழைப்போடுதான் பயணம் நடக்கும்; விசா, வண்டி, அனுமதிக் கடிதம் எல்லாம் வேண்டும். ஆனால் குற்றம் சாட்டப்படுபவர்கள் ஆட்சியிலேயே இருந்தால்? தாமாக முன்வரும் ஒருவரை, அந்நாட்டு அதிகாரிகள் உடன் இல்லாமலேயே சந்தித்துப் பேச, சில நிபந்தனைகளோடு உடன்படிக்கையின் 99ஆவது பிரிவு வழிவிடுகிறது. எந்தத் தகவலை யாரிடம் எப்போது சொல்வது என்பதை அங்கே மிக நிதானமாக யோசிக்க வேண்டும்.

இந்தத் திட்டமிடல் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு நீதிமன்றத்தின் முதல் வழக்கே பாடம். காங்கோவின் இத்தூரி வட்டாரத்தில் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைப் படையில் சேர்த்ததாக ஆயுதக் குழுத் தலைவர் தோமாஸ் லுபாங்கா மீது வழக்கு. 2009 ஜனவரியில் விசாரணை தொடங்கியது. முதல் சாட்சி ஓர் இளைஞர். கூண்டில் ஏறியவர், தான் முதலில் சொன்னது உண்மையில்லை, ஓர் உதவி அமைப்பினர் சொல்லிக்கொடுத்ததைத்தான் சொன்னேன் என்று மாற்றிப் பேசினார். பிறகு மீண்டும் அழைக்கப்பட்டுச் சாட்சியம் அளித்தார். உலகமே பார்த்துக்கொண்டிருந்த தொடக்கம் இப்படி ஆனது.

விசாரணை நீண்டபோது பின்னணி வெளிவந்தது. இத்தூரியில் புலனாய்வு நடந்த காலத்தில் ஆயுதக் குழுக்கள் நடமாடின. வெளிநாட்டுப் புலனாய்வாளர் ஒருவர் ஒரு வீட்டுக்குப் போனாலே அந்த வீட்டுக்காரருக்கு ஆபத்து. அதனால் சாட்சிகளைக் கண்டுபிடிக்கவும் தொடர்புகொள்ளவும் உள்ளூர் இடையாட்களை வழக்கறிஞர் அலுவலகம் நம்பியது. அவர்களில் சிலர் சாட்சிகளுக்குப் பொய் சொல்லிக்கொடுத்திருக்கக்கூடும் என்ற சந்தேகம் எழுந்தது. 2010இல், ஓர் இடையாளின் அடையாளத்தை எதிர்த்தரப்புக்குத் தெரிவிக்கும்படி நீதிபதிகள் இட்ட உத்தரவு நிறைவேறாததால் விசாரணையே சில மாதங்கள் நிறுத்திவைக்கப்பட்டது. 2012 மார்ச் 14ஆம் தேதி தீர்ப்பில், புலனாய்வுப் பொறுப்பை இடையாட்களிடம் விட்டிருக்கக் கூடாது என்று நீதிபதிகள் கண்டித்தார்கள். முன்னாள் சிறுவர் படையினர் என்று வந்த சாட்சிகளில் பெரும்பாலானவர்களின் வாக்குமூலத்தை அவர்கள் ஏற்கவில்லை. லுபாங்கா குற்றவாளி என்று தீர்ப்பானது. 14 ஆண்டுச் சிறைத் தண்டனையும் கிடைத்தது. அதற்குத் துணைநின்றவை மற்றச் சாட்சியங்களும் காணொளிப் பதிவுகளும்.

அலட்சியத்தால் இது நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆபத்தைக் குறைக்கவேண்டும் என்ற நல்ல நோக்கத்தில்தான் இடையாட்கள் வந்தார்கள். ஆனால் புலனாய்வாளர் எவ்வளவு குறைவாகக் களத்தில் இருக்கிறாரோ, அவ்வளவுக்கு வேறு யாரோ அந்த இடத்தை நிரப்புவார்கள். பாதுகாப்பாகவும் போக வேண்டும், நேரிலும் போக வேண்டும். இரண்டையும் சேர்த்து நடத்திக்காட்டுவதுதான் திட்டமிடுபவரின் சவால்.

அதே 2012இல் இன்னொரு சம்பவம். லிபியாவில் சிறைவைக்கப்பட்டிருந்த, அந்நாட்டின் முன்னாள் தலைவர் கடாஃபியின் மகன் சைஃப் அல் இஸ்லாம் கடாஃபியைச் சந்திக்க நீதிமன்றத்தின் நான்கு பேர் கொண்ட குழு ஸிந்தான் என்ற ஊருக்குப் போனது. ஒரு வழக்கறிஞர், ஒரு மொழிபெயர்ப்பாளர், பதிவாளர் அலுவலகத்தைச் சேர்ந்த இருவர். ஜூன் 7ஆம் தேதி உள்ளூர் ஆயுதக் குழு அவர்களைப் பிடித்துவைத்தது. ஜூலை 2ஆம் தேதிதான் விடுதலை. நீதிமன்ற ஊழியர்களுக்கு அனைத்துலகச் சட்டத்தில் உள்ள விலக்குரிமை காகிதத்தில் இருந்தது. ஆனால் அந்த ஊரைக் கையில் வைத்திருந்தவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. தலைநகரில் உள்ள அரசாங்கம் சம்மதித்துவிட்டது என்பதாலேயே எட்டாத ஊரில் உள்ள ஆயுதக்காரரும் சம்மதித்துவிட்டதாக நினைக்க முடியாது. ஒரு பயணத் திட்டத்தில் ‘யாருடைய அனுமதி’ என்ற கட்டத்துக்குள் எத்தனை பெயர்கள் இருக்க வேண்டும் என்பதை இந்தச் சம்பவத்தை வைத்து யோசித்துப் பாருங்கள்.

அளவில் பெரிய பயணங்களும் உண்டு. 2022 மே மாதம் உக்ரேனுக்குப் புலனாய்வாளர்கள், தடயவியல் வல்லுநர்கள், துணைப் பணியாளர்கள் என 42 பேரை வழக்கறிஞர் அலுவலகம் ஒரே சமயத்தில் அனுப்பியது. அதுவரை அனுப்பியதில் அதுவே ஆகப் பெரிய குழு. போர் நடந்துகொண்டிருக்கும் ஒரு நாட்டில் 42 பேருக்குத் தங்குமிடம், போக்குவரத்து, தகவல் தொடர்பு, பாதுகாப்பு என்று ஏற்பாடு செய்வது எப்படிப்பட்ட வேலை என்பதைச் சரக்குப் போக்குவரத்திலோ நிகழ்ச்சி ஏற்பாட்டிலோ இருப்பவர்கள் உடனே உணர்வார்கள். தைப்பூசத்தன்று நாம் காவடியைத்தான் பார்க்கிறோம். சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு வரை எந்தச் சந்திப்பை எப்போது மூடுவது என்று மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசியவர்களை யாரும் பார்ப்பதில்லை. அந்த மாதிரி ஆட்கள்தான் இவர்கள்.

இனி வேலைவாய்ப்புக்கு வருவோம். நீதிமன்றத்தில் இரண்டு வகைத் தற்காலிக வாய்ப்புகள் இருக்கின்றன. படித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் புதிதாகப் பட்டம் பெற்றவர்களுக்கும் வேலைப் பயிற்சி. ஏற்கெனவே தன் துறையில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவர்களுக்கு வருகைதரு வல்லுநர் திட்டம். இரண்டாவதன் காலம் ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை. வேலை மொழிகள் ஆங்கிலமும் பிரெஞ்சும். ஒன்றில் நல்ல தேர்ச்சி வேண்டும், இரண்டும் தெரிந்தால் கூடுதல் பலம். ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் பிரெஞ்சு புழங்குவதால் களப்பயணப் பிரிவில் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

அங்கே போனால் என்ன செய்வீர்கள்? புலனாய்வுக் குழுக்கள் அனுப்பும் பயணக் கோரிக்கைகளைச் சரிபார்ப்பது, விடுபட்ட விவரங்களைக் கேட்டு வாங்குவது, பாதுகாப்பு, நிதி, மொழிபெயர்ப்பு, பயணப் பிரிவுகளோடு பேசி ஒரே அட்டவணைக்குக் கொண்டுவருவது, நடக்கும் பயணங்களைக் கண்காணிப்பது, முடிந்த பயணங்களின் அறிக்கையிலிருந்து அடுத்த முறைக்குத் தேவையான குறிப்புகளை எடுத்துவைப்பது போன்றவற்றில் உதவுவீர்கள். இது மேசை வேலை. காங்கோ காட்டுக்கு அனுப்புவார்கள் என்ற எதிர்பார்ப்போடு யாரும் போக வேண்டாம்.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். இது பொதுவாகச் சம்பளம் இல்லாத வாய்ப்பு. நிதி உதவியோடு வரும் இடங்கள் சில உண்டு, ஆனால் அவை உறுப்பு நாடுகளாக உள்ள வளரும் நாடுகளின் குடிமக்களுக்கு என்று வகுக்கப்பட்டவை. சிங்கப்பூரருக்கு அந்தக் கதவு திறக்காது. தி ஹேக் விலைவாசி குறைந்த நகரம் இல்லை, வீட்டு வாடகை முக்கியமான சுமை. முதலாளியிடம் சம்பளமில்லா விடுப்பு கேட்டு, கையிருப்பை வைத்துச் சமாளிப்பதுதான் பலருக்கும் இருக்கும் வழி. வீட்டுக் கடனும் பெற்றோர் பொறுப்பும் உள்ளவர்களுக்கு ஆறு மாதம் என்பது பெரிய கேள்வி. ஒரு மாதம், இரண்டு மாதம் என்று குறுகிய காலமும் கேட்கலாம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த அனுபவம் வசதி படைத்தவர்களுக்கே எளிதாகக் கிடைப்பது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. நீதியின் பெயரால் இயங்கும் இடம் இதைச் சரிசெய்ய வேண்டும்.

சிங்கப்பூர் உறுப்பு நாடு இல்லையே, விண்ணப்பிக்கலாமா? உறுப்பு நாடுகளைச் சேர்ந்தவர்களுக்கு முன்னுரிமை உண்டு, மற்றவர்களையும் பரிசீலிப்பார்கள். கடினம்தான், ஆனால் முடியாதது இல்லை. சிங்கப்பூர்க் கடப்பிதழ் இருந்தால் 90 நாள் வரை நெதர்லாந்து உள்ளிட்ட ஷெங்கன் நாடுகளில் விசா இல்லாமல் தங்கலாம்; அதற்கு மேல் என்றால் தனி ஏற்பாடு வேண்டும். இங்கே நிரந்தரவாசியாக இருந்து இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் சில நாள் பயணத்துக்கே விசா எடுக்க வேண்டியவர்கள் என்பதால், ஆவண வேலையைச் சீக்கிரமே தொடங்க வேண்டும்.

பின்னணிச் சோதனை கடுமையாக இருக்கும். அதற்குக் காரணம் உண்டு. 2022இல், பிரேசில் நாட்டவர் என்ற பொய் அடையாளத்தோடு இதே நீதிமன்றத்தில் வேலைப் பயிற்சிக்கு வந்த ஒருவர் ரஷ்ய ராணுவ உளவாளி என்று நெதர்லாந்து உளவுத்துறை அறிவித்தது. அவரை நாட்டுக்குள் விடாமல் திருப்பி அனுப்பினார்கள். 2023 செப்டம்பரில் நீதிமன்றத்தின் கணினிக் கட்டமைப்பு இணையத் தாக்குதலுக்கு ஆளானது. களப்பயணக் கோப்பில் இருப்பது எந்தத் தேதியில் எந்த ஊரில் யார் யாரைச் சந்திக்கிறார்கள் என்ற தகவல். அது வெளியே போனால் அந்தத் தையல்காரப் பெண்மணிக்கு என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தால், ரகசிய உறுதிமொழியில் ஏன் கையெழுத்து வாங்குகிறார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. அங்கே வேலை செய்ததைப் பற்றிச் சமூக ஊடகத்தில் படம் போடும் ஆசையையும் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2025இல் அமெரிக்க அரசாங்கம் இந்த நீதிமன்றத்தின் தலைமை வழக்கறிஞர்மீதும் நீதிபதிகள் பலர்மீதும் பொருளாதாரத் தடை விதித்தது. 2023இல் ரஷ்யா நீதிமன்ற அதிகாரிகள் சிலரைத் தேடப்படுவோர் பட்டியலில் சேர்த்தது. தற்காலிகமாக வருபவரை இவை நேரடியாகக் குறிவைக்காவிட்டாலும், அமெரிக்க நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்கள், அமெரிக்காவில் குடும்பமோ சொத்தோ உள்ளவர்கள் கிளம்புவதற்குமுன் சட்ட ஆலோசனை பெறுவது புத்திசாலித்தனம்.

“அண்ணே, சட்டம் படிக்காதவனுக்கு அங்க என்ன வேலை?” என்று பலதுறைத் தொழிற்கல்லூரியில் தளவாடத் துறை படித்த ஒரு தம்பி என்னிடம் கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். மருத்துவ அவசரத்தில் ஆளை எப்படி வெளியேற்றுவது என்பது குடிமைத் தற்காப்புப் படையில் இருந்தவருக்குத் தெரியும். கப்பல் நிறுவனத்தில் வேலை செய்பவருக்கு, ஒரு துறைமுகம் மூடினால் மாற்று வழி தேடும் பழக்கம் கையோடு வந்திருக்கும். பேரிடர் நிவாரணக் குழுக்களோடு பக்கத்து நாடுகளுக்குப் போனவர்கள், உள்ளூர் மக்களின் மரியாதையைக் காத்து வேலை செய்வது எப்படி என்று கற்றிருப்பார்கள். ஒரே அலுவலகத்தில் நாலு மொழி பேசுபவர்களோடு வேலை செய்து பழகியதை நாம் பெரிதாக நினைப்பதே இல்லை. மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் ஒரு நாள்கூட நகராத இடத்தில் அந்தப் பழக்கத்துக்கு விலை உண்டு. சட்டத்தின் அடிப்படையை, குறைந்தது ரோம் உடன்படிக்கையையாவது, படித்துவிட்டுப் போக வேண்டும். அது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

நம்மவர் யாரும் அங்கே போனதில்லை என்றும் நினைக்க வேண்டாம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த நவி பிள்ளை, 2003இல் இந்த நீதிமன்றத்தின் முதல் நீதிபதிகளில் ஒருவராகப் பொறுப்பேற்று 2008 வரை இருந்தார். அதற்குப் பிறகு ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் மனித உரிமை ஆணையர் ஆனார். அவருடைய தந்தை ஒரு பஸ் ஓட்டுநர்.

விண்ணப்பம் நீதிமன்றத்தின் இணையத்தளம் வழியாக மட்டுமே. எந்தக் கட்டத்திலும் கட்டணம் கிடையாது. ‘செயலாக்கக் கட்டணம்’ என்று யாராவது சில நூறு வெள்ளி கேட்டால் அது மோசடி. ஊக்கக் கடிதமும் பரிந்துரைக் கடிதங்களும் கேட்பார்கள். கடிதத்தில் ‘உலக நீதிக்குப் பங்களிக்க விரும்புகிறேன்’ என்று எல்லாரும் எழுதுவார்கள். நீங்கள் திட்டமிட்ட ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்: எத்தனை பேர், எந்த இடம், கடைசி நேரத்தில் என்ன மாறியது, அதை எப்படிச் சமாளித்தீர்கள், அந்த முடிவை யாரிடம் கேட்டு எடுத்தீர்கள், பிறகு எப்படிப் பதிவு செய்தீர்கள். ஒரு பத்தி போதும். பயணக் கோப்புகளைப் படித்துப் பழகியவர்கள்தான் அந்தக் கடிதத்தையும் படிக்கப்போகிறார்கள்.